பருவை வயதின் கணக்கில் எழுதாதீர்கள்

பதின்மூன்று வயதுப் பிள்ளையின் நெற்றியில் நாலு பரு தலைகாட்டினால் வீட்டில் வரும் தீர்ப்பு எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உடம்புச் சூடு, வயசுக் கோளாறு, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை, முகத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவு, தானாகப் போய்விடும். பையனாக இருந்தால் இந்த அளவு பேச்சுகூட எழாது. ஆம்பளைப் பிள்ளைக்கு முகத்தில் என்ன வந்தால் என்ன என்று விட்டுவிடுவார்கள். இதைச் சொல்கிறவர்கள் பிள்ளையின் மேல் அன்புள்ளவர்கள். அதனாலேயே இந்தத் தீர்ப்பு கேள்வி கேட்கப்படாமல் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. இதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று கூற்றுகள் இருக்கின்றன. பரு எதனால் வருகிறது என்பது ஒன்று, அது எப்படிப் போகும் என்பது இன்னொன்று, ஆகையால் மருந்து வேண்டாம் என்பது மூன்றாவது. முதல் கூற்று பெரும்பாலும் தவறு. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது அந்தப் பாதி உண்மையின் மேல் ஏறி நிற்கிறது. ஆயுளுக்கும் அழியாத குழிகள் இத்தனை கன்னங்களில் விழுவதற்குப் பெரிய காரணம் அந்த மூன்றாவது கூற்றுதான்.

பரு பிறப்பது தோலின் மேற்பரப்பில் அல்ல, மயிர்க்காலுக்குள். ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. முகத்திலும் மார்பிலும் முதுகிலும் அது பெரியது, நெருக்கமாகவும் இருக்கும். பருவமடையும் காலத்தில் ஆண் பெண் இருவர் உடலிலும் கூடும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் இந்தச் சுரப்பியை முடுக்கிவிடுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1941-இலேயே இதை எழுதிவிட்டார்: பருவமடைவதற்கு முன்பே விதையின் செயல்பாட்டை இழந்த ஆண்களுக்குப் பரு வரவில்லை, டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கப்பட்டபோது அவர்களில் சிலருக்கு வந்தது. எண்ணெய் கூடும் அதே சமயத்தில், மயிர்க்காலின் உள்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில், எல்லார் தோலிலும் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற கிருமி பெருகுகிறது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரள, சிவப்பும் வீக்கமும் சீழும் உண்டாகின்றன. பாடநூல்கள் நெடுங்காலம் இந்த வரிசையில்தான் சொல்லிவந்தன. 2003-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள், பருவுள்ளவர்களின் தோலில் இன்னும் பரு முளைக்காத, கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிந்த மயிர்க்கால்களை எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயே அழற்சி தொடங்கியிருந்தது. இந்தக் கண்டுபிடிப்பு என் வாதத்துக்கு அடிப்படை. நாம் கண்ணாடியில் பார்க்கும் பரு, வாரக்கணக்கில் உள்ளே நடந்த ஒரு வேலையின் கடைசிக் கட்டம். நேற்றுச் சாப்பிட்ட பஜ்ஜியையோ முந்தாநாள் அலைந்த வெயிலையோ அதற்குப் பொறுப்பாக்க முடியாது. இன்று தெரியும் பருவின் அடைப்பு உருவானபோது அந்த பஜ்ஜி மாவாகக்கூட இருந்திருக்காது.

சூடு என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். சித்த மருத்துவத்தில் பித்தம் என்று பகுத்துப் பேசுவதற்கு ஒரு முழு அமைப்பு இருக்கிறது. அதோடு எனக்கு இங்கே வழக்கில்லை. வீட்டில் புழங்கும் சூடு அந்த அமைப்பிலிருந்து கழன்று வந்துவிட்ட சொல். கண்கட்டி வந்தாலும் சூடு, வாய்ப்புண் வந்தாலும் சூடு, நீர்க்கடுப்பும் சூடு, பருவும் சூடு. இத்தனை வேறுபட்ட நோய்களுக்கு ஒரே பெயர் வைத்தால் அந்தப் பெயர் எதையும் விளக்குவதில்லை. இளநீரும் மோரும் குடிப்பதில் கேடு ஒன்றும் கிடையாது, எண்ணெய்க் குளியலும் அப்படியே. ஆனால் அவற்றில் எதுவும் மயிர்க்காலின் அடைப்பைத் திறக்காது. வெயில்காலப் புழுக்கமும், தலைக்கவசத்தின் பட்டை தாடையில் உராய்வதும் ஏற்கெனவே உள்ள பருவைச் சிலருக்குக் கூட்டுவது உண்மை. அது வெளிச்சூடும் உராய்வும் செய்யும் வேலை. உடம்புக்குள் ஏதோ கொதிக்கிறது என்பதற்கு ஆதாரமாகாது.

அழுக்கு என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கொடுமையானது, ஏனென்றால் அது பிள்ளையின் நடத்தையின் மேல் விழுகிறது. கரும்புள்ளியின் கறுப்பைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை வேரூன்றியது. அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல. திறந்த மயிர்க்காலில் அடைந்திருக்கும் பொருளில் உள்ள மெலனின் நிறமியும், காற்றுப் பட்டு மாறிய எண்ணெயும் சேர்ந்து தரும் நிறம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அது போகாது. போகாததால் இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள், எலுமிச்சைச் சாற்றைத் தடவுகிறார்கள், பற்பசையை அப்பிக்கொண்டு தூங்குகிறார்கள், சர்க்கரையும் உப்பும் போட்டு உரசுகிறார்கள். தோலின் மேற்பரப்பே லேசான அமிலத்தன்மை கொண்டது, ஆனால் எலுமிச்சைச் சாறு அதைவிடப் பன்மடங்கு கடுமையான அமிலம். தேய்த்துத் தேய்த்துப் புண்ணான தோல் பிறகு மருந்தையும் தாங்குவதில்லை. மென்மையான சோப்பு அல்லது ஃபேஸ்வாஷ் போட்டு நாளைக்கு இரண்டு முறை கழுவினால் போதும். அதற்கு மேல் கழுவச் சொல்வது, செய்யாத தவறுக்குத் தண்டனை கொடுப்பதற்குச் சமம். பரு யாருக்குக் கடுமையாக வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பரம்பரை. பிரிட்டனில் இரட்டையராகப் பிறந்த பெண்களிடம் நடந்த ஆய்வொன்று 2002-இல் வெளியானது. ஆளுக்கு ஆள் பருவில் தெரியும் வேறுபாட்டில் 81 விழுக்காடு மரபணுவைச் சார்ந்தது என்று அது கணக்கிட்டது. தந்தையின் கன்னத்தில் குழிகள் இருக்க, மகனைப் பார்த்து ஒழுங்காக முகம் கழுவவில்லை என்று ஏசுவது எவ்வளவு அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள்.

உணவு விஷயத்தில் வீட்டின் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் விரல் தவறான தட்டை நோக்கி நீள்கிறது. 1969-இல் பிலடெல்பியாவில் ஃபுல்டன், ப்ளெவிக், கிளிக்மன் ஆகிய மூவர் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, அதனால் பரு கூடவில்லை என்று அறிவித்தார்கள். அந்த முடிவைக் காட்டி, உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்று ஒரு தலைமுறை மருத்துவர்கள் சொல்லிவந்தார்கள். ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்பட்ட மிட்டாயிலும் கிட்டத்தட்ட அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன என்பது பிறகுதான் பேசப்பட்டது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களைப் பன்னிரண்டு வாரம் கவனித்த ஆய்வில், இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவு உண்டவர்களுக்குச் சராசரியாக 23.5 பருக்கள் குறைந்தன. வழக்கமான உணவு உண்டவர்களுக்கு 12 குறைந்தன. ஆக, சந்தேகப்பட வேண்டியவை எண்ணெய்ச் சட்டியைவிட, சர்க்கரை போட்ட தேநீரும் குளிர்பானமும் பேக்கரிப் பண்டமும் மூன்று வேளையும் குவிக்கும் தீட்டிய அரிசியும்தான். உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் குடிக்கும் வே புரதப் பொடியையும் இதே பட்டியலில் சேர்க்கலாம். அந்த ஆஸ்திரேலிய ஆய்விலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. உணவை மாற்றியவர்களுக்கும் பரு முழுக்கப் போய்விடவில்லை, மாற்றாதவர்களுக்கும் ஓரளவு குறைந்தது. உணவு துணை செய்யும், மருந்தின் இடத்தைப் பிடிக்காது. எண்ணெய் பற்றிய பேச்சில் நம் வீடுகள் பார்க்காமல் விடுவது சாப்பிடும் எண்ணெயை அல்ல, தலையில் வைக்கும் எண்ணெயை. நெற்றியிலும் பொட்டோரத்திலும் வழியும் தலையெண்ணெய் மயிர்க்காலை அடைத்து, பொடிப்பொடியாகப் பரு உண்டாக்கும். பரு நெற்றியில் மட்டும் வரிசையாக இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இனி அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன். தானாகப் போய்விடும் என்பதைச் சொல்கிறவர்களுக்குச் சான்று இல்லாமல் இல்லை. லேசான பரு வந்த பெரும்பாலோருக்கு இருபது வயதையொட்டி அது அடங்கிவிடுகிறது. ஊரில் எத்தனையோ பேர் ஒரு மருந்தும் போடாமல் தெளிந்த முகத்தோடு இருக்கிறார்கள். இதுதான் எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, எல்லாருக்கும் போவதில்லை. அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், இருபதுகளில் உள்ள பெண்களில் சுமார் 51 விழுக்காட்டினர் தங்களுக்குப் பரு இருப்பதாகச் சொன்னார்கள்; முப்பதுகளில் 35, நாற்பதுகளில் 26. ஆண்களின் எண்ணிக்கை இதைவிடக் குறைவு. இரண்டாவது பதில்தான் முக்கியமானது: பரு போனபின் எதை விட்டுவிட்டுப் போகிறது? அழற்சி ஆழமாக இறங்கிய இடத்தில் மயிர்க்காலின் சுவர் உடைந்து, தோலைத் தாங்கும் கொலாஜன் நார்கள் கரைகின்றன. ஆறும்போது உடல் அதை முழுக்க நிரப்புவதில்லை. ஊசியால் குத்தியதுபோல் குறுகலான ஆழக்குழி, அம்மைத்தழும்புபோல் விளிம்பு தெரியும் பள்ளம், அலையலையாய் மேடுபள்ளமான கன்னம் என்று அது நிலைத்துவிடுகிறது. 1994-இல் லீட்ஸிலிருந்தே வெளியான ஓர் ஆய்வு 185 நோயாளிகளைப் பார்த்தது. அவர்களில் 95 விழுக்காட்டினருக்கு முகத்தில் ஏதோ ஓர் அளவில் தழும்பு இருந்தது. பரு தொடங்கியதற்கும் சரியான சிகிச்சை கிடைத்ததற்கும் இடையே எவ்வளவு காலம், மூன்று ஆண்டு வரை, கழிந்ததோ அதைப் பொறுத்துத் தழும்பும் கூடியிருந்தது. அவர்கள் மருத்துவமனை தேடி வந்தவர்கள். ஆகவே அந்த 95-ஐ ஊரில் பரு உள்ள அத்தனை பேருக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் காலதாமதத்துக்கும் தழும்புக்கும் உள்ள தொடர்பு, தானாகப் போகும் வரை இரு என்று சொல்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய ஒன்று. அவர்கள் காத்திருக்கச் சொல்லும் அந்த மூன்று நான்கு ஆண்டுகளில்தான் குழி விழுகிறது.

நம் தோலுக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. மாநிறமும் கறுப்புமான தோலில் ஒவ்வொரு அழற்சியும் நிறமிச் செல்களைத் தூண்டிவிட்டு, ஆறிய பருவின் இடத்தில் ஒரு கரும்படையை விட்டுச் செல்கிறது. பரு வந்தது ஒரு வாரம், படை இருப்பது பல மாதம். வெள்ளைத்தோலை வைத்து எழுதப்பட்ட பழைய நூல்கள் இதற்கு அதிக இடம் கொடுக்கவில்லை. இங்கே மருத்துவரிடம் வருகிறவர்களில் பலர் முதலில் காட்டுவது பரு விட்டுச்சென்ற அந்தக் கறையைத்தான். கறையைக் கண்டு பதறியவர்கள் கறையை நீக்கும் பொருளைத் தேடுகிறார்கள், அடியில் எரிந்துகொண்டிருக்கும் பருவை விட்டுவிடுகிறார்கள். புதுப் பரு வருவது நிற்காத வரை புதுக் கறை வருவதும் நிற்காது. வெயில் பட்டால் படை இன்னும் கறுக்கும் என்பதால் சன்ஸ்கிரீனும் சிகிச்சையின் ஒரு பகுதி; அதை அலங்காரச் செலவென்று எண்ணி விலக்குகிறோம்.

மருந்து வேண்டாம் என்று முடிவெடுத்த வீட்டில் உண்மையில் மருந்தே நுழைவதில்லையா? இங்கேதான் இந்தக் கருத்து தன்னைத்தானே முறியடிக்கிறது. டாக்டரிடம் போக வேண்டியதில்லை என்ற முடிவுக்கு அடுத்த படி, மருந்துக்கடைக்காரரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ கேட்பது. கைக்கு வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம். இந்தியா முழுதும் பன்னிரண்டு தோல் மருத்துவ மையங்களில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர், அதாவது 14.8 விழுக்காட்டினர், முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 29 விழுக்காட்டினர் அதை நிறம் கூட்டவோ பொதுவான முகக் க்ரீமாகவோ பூசினார்கள். 24 விழுக்காட்டினர் பருவுக்காகப் பூசினார்கள். 59.3 விழுக்காட்டினருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்ல. அந்த 433 பேரிடம் அதிகமாகக் காணப்பட்ட பக்கவிளைவு எது தெரியுமா? பரு. புதிதாக வந்த பருவும், இருந்தது பெருகியதும். ஸ்டீராய்டு முதல் சில நாள் சிவப்பை அமுக்கிவிடும், முகமும் சற்று வெளுக்கும், க்ரீம் நல்ல க்ரீம் என்ற பெயர் தெருமுழுக்கப் பரவும். பிறகு தோல் மெலிந்து இரத்த நாளங்கள் வெளியே தெரியும், மீசைபோல் மயிர் முளைக்கும், பூசுவதை நிறுத்திய மறுவாரமே முகம் தீப்பட்டதுபோல் எரிந்து பரு கொத்துக்கொத்தாக வரும். அதைத் தாங்க முடியாமல் மறுபடி அதே ட்யூப். தோல் மருத்துவர்களின் சங்கம் ஆண்டுக்கணக்காக மன்றாடிய பிறகு, 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் பருவுக்கு டாக்டர் எதற்கு என்ற எண்ணம் இருக்கும் வரை, அந்தச் சீட்டை யாரும் வாங்கப் போவதுமில்லை, யாரும் கேட்கப் போவதுமில்லை.

மருந்து போட்டோம், ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்கிறவர்களும் நிறைய. அவர்கள் பொய் சொல்லவில்லை. பருவுக்கான மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அடபலீன், ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு பூச்சுகள் மயிர்க்காலின் அடைப்பே உருவாகாமல் தடுக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்கிறது; கிருமி அதற்குப் பழகி எதிர்த்து நிற்பதும் இல்லை. அதன் 2.5 விழுக்காட்டு வீரியமே 10 விழுக்காட்டுக்கு ஈடாக அழற்சிப் பருவைக் குறைக்கிறது என்று 1986-லேயே காட்டப்பட்டது. அதிக வீரியத்தில் கூடுவது எரிச்சல்தான். இவை இரண்டும் இனி வரவிருக்கும் பருவுக்கு எதிரான மருந்துகள். ஏற்கெனவே வந்துவிட்ட பருவின் தலையில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் தொட்டு வைப்பது, அதனால், வீண். பரு வரும் பகுதி முழுதும் மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். முகம் முழுவதற்கும் ரெட்டினாய்டு ஒரு பட்டாணி அளவு போதும், இரவில் போதும். உள்ளே ஏற்கெனவே உருவாகிவிட்ட அடைப்புகள் தீர வேண்டும் என்பதால் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்தே பலன் தெரியும். முதல் மூன்று வாரம் தோல் வறண்டு உரிந்து, சிலருக்குப் பரு கூடினாற்போலும் தோன்றும். நம்மில் பெரும்பாலோர் ட்யூபைத் தூக்கி எறிவது சரியாக அந்த மூன்றாவது வாரத்தில். ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கி, ஈரப்பசை க்ரீமும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் தாங்கிவிடலாம். பென்சாயில் பெராக்சைடு தலையணை உறையையும் துண்டையும் வெளுத்துவிடும் என்பதைக்கூட யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சாயம் போன உறையைப் பார்த்து, முகத்தை என்ன செய்யுமோ என்று பயந்து நிறுத்தியவர்கள் இருப்பார்கள். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. டாக்சிசைக்ளின் மாத்திரையோ கிளிண்டாமைசின் பூச்சோ மட்டும் தனியாக மாதக்கணக்கில் ஓடுகிறது. ஆன்டிபயாடிக்கைப் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து, மாத்திரையை மூன்று நான்கு மாதத்துக்குள் நிறுத்த வேண்டும். இல்லையேல் கிருமி எதிர்ப்புத்திறன் பெறுகிறது, அதன் விலையை அந்த முகம் மட்டும் கொடுப்பதில்லை.

பக்கவிளைவு பற்றிய அச்சம் இதில் மிகுந்த நியாயமுள்ள ஆட்சேபம். குறிப்பாக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. 1979-இல் கேரி பெக் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், வேறெந்த மருந்துக்கும் அசையாத கடும் பரு கொண்ட 14 பேருக்கு இதைக் கொடுத்ததில் 13 பேருக்கு முழுதும் தெளிந்தது. அதுவரை அப்படியொரு முடிவை யாரும் பார்த்ததில்லை. அமெரிக்காவில் 1982-இல் அனுமதி கிடைத்தது. இந்த மருந்தின் பெரிய ஆபத்து கருவுக்கு. கர்ப்பிணி இதை உட்கொண்டால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைபாடுகள் வரும். ஆகவே மருந்து எடுக்கும் காலத்திலும் நிறுத்திய ஒரு மாதத்துக்கும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. இதில் எந்தச் சலுகைக்கும் இடமில்லை. மணமான பெண்ணோ மணமாகாத பெண்ணோ, மருத்துவர் இதை வெளிப்படையாகக் கேட்டாக வேண்டும், வீட்டார் அதை அவமானமாக எண்ணக் கூடாது. உதடு வெடிப்பது அநேகமாக எல்லாருக்கும் வரும். கல்லீரலையும் இரத்தக் கொழுப்பையும் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மனச்சோர்வு வரும் என்ற பயமும் பரவலாக உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023-இல் வெளியான தொகுப்பாய்வில், மக்கள் தொகை அளவில் அந்த ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. என்றாலும் தனியொருவரின் மனநிலையைக் கவனிப்பது மருத்துவரின் கடமை. இத்தனை கவனம் வேண்டிய மருந்து இது. கவனம் வேண்டும் என்பது மருத்துவரிடம் போவதற்கான காரணமே தவிர, போகாமல் இருப்பதற்கான காரணம் ஆகாது. லேசான பருவுக்கு இந்த மாத்திரை தேவையும் இல்லை.

இதெல்லாம் அழகுக்காகத்தானே, படிக்கிற பிள்ளைக்கு முகத்தின் மேல் என்ன கவனம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். நிறத்தை விற்கும் விளம்பரங்கள் நம் சமூகத்தின் மேல் செய்துவரும் அக்கிரமம் எனக்கும் தெரியும். கறுப்பை நோயாக்கும் அந்த வணிகத்துக்கும் பருவுக்குச் சிகிச்சை கேட்பதற்கும் இடையே கோடு தெளிவாக இருக்கிறது. கறுப்பு ஒரு நிறம். வலிக்கும் கட்டியும் சீழும் தழும்பும் நோய். ஓஸ்லோ நகரில் 18, 19 வயதுள்ள 3,775 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், கடும் பரு இருப்பதாகச் சொன்னவர்களிடையே தற்கொலை எண்ணம், பரு குறைவாக இருந்தவர்களைவிடப் பெண்களில் இரு மடங்காகவும் ஆண்களில் மூன்று மடங்காகவும் காணப்பட்டது. பருதான் அந்த எண்ணத்தை உண்டாக்கியது என்று ஒரே வேளையில் எடுத்த கணக்கெடுப்பு நிரூபிக்காது. ஆனால் பையன்களுக்கு முகத்தைப் பற்றி என்ன கவலை என்று நாம் சொல்லிவரும் பேச்சை அந்த மூன்று மடங்கு நிறுத்தியே ஆக வேண்டும். வகுப்புப் புகைப்படத்தில் பின்வரிசைக்கு ஒதுங்குகிற பிள்ளையும், பேசும்போது கையால் தாடையை மறைத்துக்கொள்கிற பிள்ளையும் அழகுப் பித்துப் பிடித்தவர்கள் அல்லர்.

பெண்களுக்கென்று ஓர் ஆறுதல் மொழி தனியாக வைத்திருக்கிறோம்: கல்யாணம் ஆனால் சரியாகிவிடும். இந்த ஒரு வாக்கியம் எத்தனை நோய்க்குறிகளை மூடி வைத்திருக்கிறது! தாடையோரத்திலும் கழுத்திலும் வலியோடு வரும் பரு, தள்ளித் தள்ளிப் போகும் மாதவிலக்கு, உதட்டுக்கு மேலும் முகவாயிலும் வளரும் மயிர், காரணமில்லாமல் ஏறும் எடை ஆகியவை சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் அழைக்கும் பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பின்னாளில் சர்க்கரை நோய்க்கும் வழிவகுக்கக்கூடியது. அங்கே பரு, உடல் முன்கூட்டி அனுப்பிய செய்தி. கல்யாணம் வரை காத்திரு என்பது அந்தச் செய்தியைப் பிரிக்காமலே பரணில் போடுவது; மணமான பிறகு குழந்தை தங்கவில்லை என்று ஓடும்போதுதான் பலருக்கு அது பிரிக்கப்படுகிறது. சிகிச்சைக்கு வழியில்லாமலும் இல்லை. ஆண்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற பழைய மாத்திரையை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் சோதித்து 2023-இல் முடிவு வெளியிட்டார்கள். பரு அதில் குறைந்தது; 24 வாரத்தில் பலன் இன்னும் நன்றாகத் தெரிந்தது. கர்ப்ப காலத்தில் இதுவும் கூடாது, மருத்துவர் பார்த்தே கொடுக்க வேண்டும்.

எல்லாப் பருவுக்கும் மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வெண்புள்ளியும் கரும்புள்ளியுமாகச் சில மட்டும் இருந்தால் குறைந்த வீரியப் பென்சாயில் பெராக்சைடோ சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷோ தொடங்கி மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம். கிள்ளாதே என்ற பாட்டியின் அறிவுரை நூற்றுக்கு நூறு சரி, கிள்ளிய பரு ஆழமாக இறங்கித் தழும்பாகும். ஆனால் தொட்டால் வலிக்கும் கட்டி ஒன்று உள்ளே உருண்டால், ஆறிய இடத்தில் ஒரே ஒரு குழி தெரிந்தால், தாய்க்கோ தந்தைக்கோ கன்னத்தில் தழும்பு இருந்தால், மார்பிலோ முதுகிலோ பரு பரவினால் அந்த மூன்று மாதப் பொறுமை செல்லாது. காசநோய்க்கு ஐசோனியாசிட் உட்கொள்ளத் தொடங்கியபின் திடீரென்று ஒரேமாதிரிப் பருக்கள் வந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் வெளிநோயாளிச் சீட்டு வாங்கிப் போகலாம். தழும்பு விழுந்தபின் லேசருக்கும் ஊசித்துளைச் சிகிச்சைக்கும் ஒவ்வொரு அமர்வுக்கும் ஆயிரங்களில் கொடுத்து, அப்போதும் முழுதாக நிரம்பாத கன்னத்தோடு திரும்பும் இருபத்தைந்து வயதுக்காரர், பதினான்கு வயதில் அந்தச் சீட்டோடு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியவர்.